ஆன்மிக ஆசான் எதற்கு? கஹ்ஃபு அத்தியாயம் தரும் பாடம்



சில மாதங்களுக்கு முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி வேண்டும் என்றார். கணவர் வளைகுடாவில் இருக்கிறார், மாதா மாதம் பணமும் வருகிறது. அப்படியிருந்தும் கட்டணம் ஏன் கட்ட முடியவில்லை என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெளியூரிலிருந்து வந்துபோகும் ஒருவரிடம் அவர் பைஅத் செய்திருக்கிறார். கல்பு திறக்கும், கஷ்டம் நீங்கும் என்று சொல்லி ஒவ்வொரு மஜ்லிஸுக்கும் ஹதியா வாங்கியிருக்கிறார்கள். கடைசியில் இரண்டு பவுன் வளையலும் போய்விட்டது. ஒருமுறை தயங்கித் தயங்கிக் கணக்குக் கேட்டதற்குக் கிடைத்த பதில் இதுதான்: “மூஸா நபியே கேள்வி கேட்டதால்தான் ஹிள்ரை இழந்தார்கள். ஷைகிடம் கேள்வி கேட்டால் பைஅத் முறிந்துவிடும்.”

அதைச் சொல்லிவிட்டு அந்தச் சகோதரி நம்மிடம் ஒன்று கேட்டார். “அப்படியென்றால் ஷைகு என்பதே பொய்யா? நம் வாப்பாமார், பாட்டன்மார் எல்லாம் ஒரு பெரியவரின் கையைப் பிடித்துத்தானே இருந்தார்கள்?” நியாயமான கேள்வி. ஏமாற்றியவர் எந்தச் சம்பவத்தைக் காட்டி ஏமாற்றினாரோ, அதிலேயே இதற்குப் பதிலும் இருக்கிறது.

ஜும்ஆ நாளில் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தில் 60 முதல் 82 வரையுள்ள வசனங்களில் அந்தச் சம்பவம் வருகிறது. மக்களில் மிகவும் அறிந்தவர் யார் என்று கேட்கப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள், நான்தான் என்று சொல்லிவிட்டார்கள். அறிவை அல்லாஹ்விடம் சேர்த்துச் சொல்லாததால், இரு கடல்கள் சந்திக்கும் இடத்தில் உம்மைவிட அறிந்த ஓர் அடியார் இருக்கிறார் என்று இறைவன் அறிவித்தான் என ஸஹீஹ் புகாரியில் வருகிறது. தவ்ராத் அருளப்பட்ட நபி, அல்லாஹ்வோடு பேசிய கலீமுல்லாஹ், கூடையில் ஒரு மீனை எடுத்துக்கொண்டு ஆசானைத் தேடிப் பயணம் கிளம்புகிறார்கள். கற்றவருக்கும் கற்பிப்பவர் தேவை என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆசான் என்ன செய்தார்கள் என்பதை நாம் நிதானமாகப் பார்ப்பதில்லை. முதலில் ஓடத்தைப் பழுதாக்கினார்கள். அது கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் ஓடம். நல்ல ஓடங்களையெல்லாம் பலவந்தமாகப் பறித்துக்கொள்ளும் ஓர் அரசனிடமிருந்து அதைக் காப்பாற்றவே அப்படிச் செய்தார்கள். கடைசியில் ஓர் ஊரில் விழப்போன சுவரை நிமிர்த்தி வைத்தார்கள். அது இரண்டு அனாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமான சுவர். அதன் அடியில் அவர்களுக்கு உரிய புதையல் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்து அதை எடுத்துக்கொள்ளும்வரை அது வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். அந்த ஊராரோ பசியோடு வந்த இருவருக்கும் சாப்பாடு தர மறுத்தவர்கள். இதற்குக் கூலியாவது வாங்கியிருக்கலாமே என்றுதான் மூஸா (அலை) கேட்டார்கள். ஹிள்ர் (அலை) அவர்கள் எதுவும் வாங்கவில்லை.

மூன்று சம்பவங்களில் இரண்டு, எளியவர்களின் சொத்தைக் காப்பாற்றிய சம்பவங்கள். அதைச் செய்தவர் வயிற்றில் பசியோடு, கையில் காசு வாங்காமல் செய்தார்கள். பிள்ளையின் படிப்புக் காசை வாங்கிக்கொண்டு அதே ஹிள்ர் (அலை) அவர்களின் பெயரைச் சொல்ல ஒருவருக்கு நாக்கு எப்படி வந்தது என்று நமக்கு விளங்கவில்லை.

கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானாகச் சொல்லும்வரை எதையும் கேட்கக் கூடாது என்பது ஹிள்ர் (அலை) விதித்த நிபந்தனைதான். ஆனால் பிரியும் நேரத்தில் மூன்றுக்கும் காரணத்தை ஒன்றுவிடாமல் விளக்கிவிட்டுத்தான் அனுப்பினார்கள். எதையும் என் இஷ்டத்துக்குச் செய்யவில்லை என்றும் சொன்னார்கள். மூஸா (அலை) இன்னும் பொறுமையாக இருந்திருந்தால் அவ்விருவரின் செய்திகள் நமக்கு இன்னும் கிடைத்திருக்குமே என்று நபி (ஸல்) அவர்கள் விரும்பியதாக ஹதீஸில் வருகிறது. ஆசானிடம் பொறுமை வேண்டும், அதில் சந்தேகமில்லை. பொறுமை வேறு, ஷரீஅத்துக்கு மாறானதைக் கண்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு.

நடுவில் உள்ள சம்பவத்தில் ஒரு சிறுவனின் உயிர் போகிறது. அதைக் காட்டி, பெரியவர்களுக்குச் சட்டம் இல்லை என்று பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு ஸஹாபாக்கள் காலத்திலேயே பதில் சொல்லப்பட்டுவிட்டது. காரிஜியாக்களின் தலைவனான நஜ்தா என்பவன், சிறுவர்களைக் கொல்லலாமா என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டான். நபி (ஸல்) அவர்கள் சிறுவர்களைக் கொன்றதில்லை, ஹிள்ர் அந்தச் சிறுவனைப் பற்றி அறிந்திருந்ததை நீயும் அறிந்தாலொழிய நீயும் கொல்லாதே என்று அவர்கள் பதில் எழுதினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்த அறிவு இனி யாருக்கும் இல்லை. ஆகவே அந்த விதிவிலக்கும் யாருக்கும் இல்லை.

சரி, ஷைகு எதற்கு? தொழுகை, நோன்பின் சட்டங்களைக் கிதாபில் படிக்கலாம், மத்ரஸாவில் ஓதலாம், இப்போது கைப்பேசியிலும் பயான் கேட்கலாம். இதற்கு மேல் அவரிடம் என்ன இருக்கிறது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையில் இதற்கு விடை கிடைக்கிறது. கி.பி. 1091இல், 33 வயதில், பக்தாது நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியர் ஆனார்கள். எதிரே 300 மாணவர்கள். புகழுக்குக் குறைவில்லை. அபூதாலிப் மக்கீ (ரஹ்), ஹாரிஸ் முஹாஸிபீ (ரஹ்) போன்றோரின் நூல்களைப் படித்தபோது, ஓதிப் பெறக்கூடியதெல்லாம் தமக்குக் கிடைத்துவிட்டது, எஞ்சியிருப்பது அனுபவித்து அடைய வேண்டியது என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஆரோக்கியத்துக்கு விளக்கம் சொல்லத் தெரிவதும் ஆரோக்கியமாக இருப்பதும் ஒன்றல்லவே! பிறகு தம் நிய்யத்தைத் தாமே சோதித்துப் பார்த்தார்கள். தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காக அல்ல, பெயருக்கும் அந்தஸ்துக்கும்தான் என்று கண்டார்கள். ஹிஜ்ரி 488 ரஜபில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் போவதா இருப்பதா என்று தவித்து, நாவே எழாமல் போய், வைத்தியர்களும் கைவிட்ட பிறகு பக்தாதைவிட்டுக் கிளம்பினார்கள். இந்தத் துறவைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: தம் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தபோது பிள்ளைகளின் செலவுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் போனார்கள். பின்னர் ஊர் திரும்ப வைத்ததும் அந்தப் பிள்ளைகளின் ஏக்கமே.

அதற்குப் பிறகு வந்த இஹ்யாவில், மனிதன் தன் குறையைத் தானே எப்படி அறிவது என்று ஒரு பகுதியே எழுதியிருக்கிறார்கள். நான்கு வழிகள் சொல்கிறார்கள். நஃப்ஸின் நோய்களை அறிந்த ஒரு ஷைகிடம் அமர்வது முதல் வழி. நம் குறையை ஒளிக்காமல் சொல்லும் நேர்மையான நண்பர் அடுத்தது. பகைவரின் வாய் மூன்றாவது. புகழ்ந்து மழுப்பும் நண்பனைவிடக் குத்திக்காட்டும் பகைவனால் பலன் அதிகம் என்பது அவர்களின் கருத்து. மக்களோடு பழகி, பிறரிடம் காணும் அருவருப்பானது நம்மிடமும் இருக்கிறதா என்று பார்ப்பது நான்காவது. ஆக, ஷைகு செய்யும் வேலை நம் கண்ணுக்குத் தெரியாத நம் அழுக்கை நமக்குக் காட்டுவது. முகத்தில் ஒட்டிய கரியை முகம் பார்க்குமா?

உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்துகொண்டே ஹுதைஃபா (ரலி) அவர்களிடம், முனாஃபிக்குகளின் அடையாளம் ஏதாவது என்னிடம் தெரிகிறதா என்று கேட்டார்கள். இதையும் இமாம் அந்த இடத்தில் சேர்த்தே எழுதுகிறார்கள்.

யாரை ஷைகாக ஏற்பது? ‘அய்யுஹல் வலத்’ என்ற சிறு நூலில் இமாம் அவர்கள் இதற்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள். அவர் ஆலிமாக இருக்க வேண்டும், ஆனால் எல்லா ஆலிமும் இதற்குத் தகுதியானவர் அல்லர். உலக ஆசையும் பதவி ஆசையும் அவரை விட்டு நீங்கியிருக்க வேண்டும். அவரும் ஒரு ஷைகின் கீழ், நபி (ஸல்) அவர்கள் வரை செல்லும் தொடரில், பயின்றிருக்க வேண்டும். நம் பக்கத்துக் கீழக்கரையில் மாப்பிள்ளை ஆலிம் (1816–1898) தம் ஆசானான தைக்கா சாஹிப் வலியிடம் மார்க்கக் கல்வியும் பெற்றார்கள், ஆன்மிகப் பயிற்சியும் பெற்றார்கள். அவர்களின் மகளை மணந்ததால்தான் மாப்பிள்ளை என்ற பெயரே வந்தது. ஆசானின் வீட்டு அடுப்படி வரை தெரிந்த மாணவர்! வருடத்துக்கு இரண்டு முறை காரில் வந்து, மண்டபத்தில் கை கொடுத்துவிட்டுப் போகிறவரை நாம் எப்படிச் சோதித்து அறிய முடியும்?

பைஅத் கூடுமா கூடாதா என்று நம் ஊரில் நடக்கும் வாக்குவாதத்துக்குள் நாம் போகவில்லை. இரு பக்கத்திலும் உள்ளவர்கள் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வார்கள்: பிள்ளையின் சாப்பாட்டிலும் படிப்பிலும் கைவைக்கும் வழி அல்லாஹ்விடம் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஹதியா கேட்டு நெருக்குகிறவரோ, கணவனுக்குத் தெரியாமல் கொடு என்கிறவரோ வந்தால், தயங்காமல் நம் அலுவலகத்திலோ பள்ளிவாசல் இமாமிடமோ சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.

அந்தச் சகோதரியின் மகளுக்கு இந்த வருடக் கட்டணம் கட்டியாகிவிட்டது. வளையல் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் இப்போது நம் தெருப் பெண்கள் மத்ரஸாவில் ஓதுகிறார். அங்கே ஓதிக்கொடுக்கும் ஆலிமா இன்னும் முப்பது வயதைத் தாண்டாதவர், யாரும் அவரை ஷைகு என்று கூப்பிடுவதில்லை. போன வாரம் ஃபாத்திஹாவில் ‘ஐன்’ எழுத்தைத் திருத்திவிட்டு, எல்லாரும் எழுந்து போன பிறகு கேட்டாராம்: “ராத்தா, ஓதல் சரியாகிவிட்டது. உங்கள் நாத்தனாரோடு மூன்று வருடமாகப் பேச்சில்லையாமே, எப்போது போய்ப் பேசப்போகிறீர்கள்?”

முதலில் கோபம் வந்தது என்று சகோதரி நம்மிடம் சொன்னார். நாத்தனார் வீட்டுக்கு அவர் இன்னும் போகவில்லை. மத்ரஸாவுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.