சிறு விமான இன்ஜின்கள்: கோளாறு அறிதலும் பராமரிப்பும்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



தளி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் பெலகொண்டப்பள்ளி பக்கம் வரும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது வழக்கம். அங்கேதான் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுதளம் இருக்கிறது. 1990-களில் இந்தியத் தனியார் துறையில் சிறு விமானம் தயாரிக்க முதலில் முன்வந்த நிறுவனம் இது. இத்தாலியின் பார்ட்டனேவியா கம்பெனியுடன் சேர்ந்து பி-68 என்ற ஆறு இருக்கை விமானத்தை நம்ம ஓசூரில் தயாரித்தார்கள். பெங்களூர் என்.ஏ.எல். வடிவமைத்த ஹன்சா-3 பயிற்சி விமானமும் இங்கே உருவானது. நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஓசூர் என்றால் லேலண்ட், டி.வி.எஸ்., சிப்காட் என்று நிறுத்திக்கொள்கிறோம்.

விமான இன்ஜின் என்றதும் ஜெட் இன்ஜினை நினைக்க வேண்டாம். பி-68-ல் இருப்பது பிஸ்டன் இன்ஜின்தான். ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு லைக்கமிங் ஐ.ஓ.-360, ஒன்று 200 குதிரைத்திறன். நாலு ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர், காற்றால் குளிர்வது. நம் ஐ.சி. இன்ஜின் பாடத்தில் வராத எதுவும் அதில் பெரிதாக இல்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் விதம் வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயிற்சிக் கழகங்களில் அதிகம் பறக்கும் செஸ்னா 152-ல் லைக்கமிங் ஓ-235 இன்ஜின் இருக்கிறது. கொள்ளளவு சுமார் 3.8 லிட்டர். கிடைப்பது 110 குதிரைத்திறன், அதுவும் 2550 ஆர்.பி.எம்.-ல். நம்ம எக்ஸ்.எல். 100 வண்டி 100 சி.சி.யில் 4 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. அதாவது 38 எக்ஸ்.எல். கொள்ளளவுக்கு 25 எக்ஸ்.எல். சக்திதான் வருகிறது. "என்னடா இது, இவ்வளவு மட்டமா?" என்று தோன்றும். காரணம் புரொப்பல்லர். அது கிராங்க்ஷாஃப்டிலேயே நேராக மாட்டியிருக்கிறது, நடுவில் கியர் கிடையாது. அதன் விட்டம் சுமார் 1.75 மீட்டர். 2550 ஆர்.பி.எம்.-ல் அதன் நுனி வினாடிக்கு 234 மீட்டர் வேகத்தில் போகிறது. அதையே 5000-க்கு ஏற்றினால் 458 மீட்டர். ஒலியின் வேகமே 340 தான். அதைத் தாண்டினால் சத்தம் மட்டும்தான் மிச்சம், இழுவை போய்விடும். அதனால்தான் பெரிய சிலிண்டர், மெதுவான ஓட்டம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன விடுமுறையில் வெளியூரில் ஒரு ஹேங்கரில் சில வாரம் பயிற்சிக்குப் போயிருந்தேன். (பெயர் வேண்டாம்.) அங்கே மூத்த மெக்கானிக் ஒருவர், நம்ம தளி பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் மறுபடியும் கன்னடம். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் காலையில் ஒரு செஸ்னா 152 உள்ளே வந்தது. பைலட் எழுதி வைத்த சீட்டில் மேக்னெட்டோ பரிசோதனை எண்கள் இருந்தன. இதை விளக்கிவிடுகிறேன். விமான இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. பேட்டரி செத்தாலும் இன்ஜின் நிற்காது. ஒரு மேக்னெட்டோ செத்தாலும் நிற்காது. பறக்கும் முன்னால் 1700 ஆர்.பி.எம்.-ல் சாவியை 'இடது', 'வலது' என்று மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பிளக் மட்டும் எரிந்தால் தீ சிலிண்டரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போகவேண்டும், நேரமாகும், அதனால் ஆர்.பி.எம். கொஞ்சம் இறங்கும். செஸ்னா 152-க்கு 125-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்கு மேல் கூடாது.

சீட்டில் இருந்தது: இடது 75, வலது 0.

நான் படித்துவிட்டு, "அண்ணா, வலது சூப்பரா இருக்கு, இறக்கமே இல்ல"ன்னு சொன்னேன். அவர் அந்தப் பக்கம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், சரியாகக் காதில் விழவில்லை. டிராலியை உள்ளே தள்ள இடைஞ்சலாக இருந்ததால் புரொப்பல்லரைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாம் என்று அதன் மேல் கை வைத்தேன். சாவி ஆஃப், பைலட் இறங்கிப் போயாச்சு, அப்புறம் என்ன?

"கை தெகியோ!"

ஹேங்கர் அதிர்ந்தது. கையை எடுத்துவிட்டேன். அண்ணா சீட்டை வாங்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "வலதுல வைக்கும்போது எதுடா ஆஃப் ஆகணும்?" என்றார்.

"இடது மேக்னெட்டோ."

"ஆகியிருந்தா ஆர்.பி.எம். இறங்கியிருக்கணுமா, இல்லையா?"

அப்போதுதான் உறைத்தது. இறக்கம் பூஜ்யம் என்றால் இடது மேக்னெட்டோ அணையவே இல்லை என்று அர்த்தம். சாவி ஆஃபில் இருந்தாலும் அது உயிரோடு இருக்கிறது.

நம்ம பழைய டி.வி.எஸ். 50-ஐ நினைத்துப் பாருங்கள். மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம், காந்தம் சுற்றினால் போதும். அதை நிறுத்த ஒரே வழி, பிரைமரி சுற்றை எர்த்தில் சேர்த்துவிடுவது. விமானத்திலும் அதே கதை. ஒவ்வொரு மேக்னெட்டோவிலிருந்தும் ஒரு ஒயர் சாவிக்கு வரும். பி-லீட் என்பார்கள். சாவியை ஆஃப் பண்ணினால் அந்த ஒயர் எர்த் ஆகும். வழியில் ஒயர் அறுந்தால்? மேக்னெட்டோவை நிறுத்த ஆளே இல்லை. ஆகாயத்தில் அறுந்தாலும் இன்ஜின் நிற்காமல் ஓட வேண்டும் என்றுதான் வேண்டுமென்றே இப்படி அமைத்திருக்கிறார்கள். மேலே காப்பாற்றுகிற அதே ஏற்பாடு தரையில் ஆளைக் கொல்லும்.

"மெதுவாகத்தானே திருப்பினேன், மெதுவா சுத்தினா ஸ்பார்க் வராதே" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஸ்டார்ட் ஆகும்போது இன்ஜின் மெதுவாகத்தான் சுற்றும், அப்போதும் நல்ல ஸ்பார்க் வரவேண்டும். அதற்காக மேக்னெட்டோவில் இம்பல்ஸ் கப்ளிங் என்று ஒரு ஸ்பிரிங் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அது காந்தத்தைப் பிடித்து நிறுத்தி, ஸ்பிரிங்கை இழுத்து, டி.டி.சி. பக்கத்தில் 'டக்' என்று விட்டுவிடும். கையால் ஒரு சாண் திருப்பினாலே அந்த 'டக்' கேட்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்தால் ஒரு வெடி போதும், அந்த புரொப்பல்லர் அரைச் சுற்று சுற்ற. கை, தோள், தலை, எது முன்னால் இருக்கிறதோ அது.

இன்ஜினை நிறுத்தும்போது சாவியால் நிறுத்தாமல் மிக்ஸ்சர் லீவரை இழுத்து நிறுத்துவதும் இதனால்தான். பெட்ரோல் தீர்ந்து தானே நின்றால் சிலிண்டரில் மிச்சம் இருக்காது. நிறுத்துவதற்கு முன்னால் ஐடிலில் ஒரு கணம் சாவியை ஆஃபுக்குக் கொண்டுபோய்த் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. இன்ஜின் அணையப் பார்க்க வேண்டும். அணையவில்லை என்றால் புரொப்பல்லரில் அட்டை கட்டித் தொங்கவிட வேண்டியதுதான்.

கோளாறை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் பாடம்தான். முதலில் பிளக் ஒயர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கையும் எடுத்துவிட்டார் அண்ணா. அப்புறம்தான் பி-லீட்டில் கை. ஏனென்றால் பி-லீட்டைக் கழற்றினால் நல்ல மேக்னெட்டோகூட உயிர் பெற்றுவிடும். கழற்றின ஒயரில் மீட்டர் வைத்து, சாவியை ஆஃபில் வைத்து, எர்த்தோடு ரெசிஸ்டன்ஸ் பார்த்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டவேண்டும். முள் அசையவில்லை. ஒயரைக் கழற்றாமல் மீட்டர் வைத்திருந்தால் ஏமாந்திருப்போம், மேக்னெட்டோவின் பிரைமரி காயிலே எர்த்தோடு ஒரு ஓம்கூட இல்லாமல் காட்டும். டெர்மினல் பக்கத்தில் உறைக்குள்ளேயே செம்புக் கம்பி அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் புது ஒயர் மாதிரி பளபள. அதிர்வினால் வரும் கோளாறு இது.

அதற்கு எதிர்மாறான கோளாறு, இறக்கம் 200, 250 என்று போய் இன்ஜின் உதறுவது. இதில் நம் ஆட்கள் செய்வது எட்டு பிளக்கையும் கழற்றிப் போடுவது. அது தேவையில்லை. உதறுகிற மேக்னெட்டோவிலேயே ஒரு நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு எக்ஸாஸ்ட் குழாய் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று சொட்டு 'சுர்' என்று ஆவியாகும். ஒன்று சும்மா வழியும். அந்த சிலிண்டர்தான் எரியவில்லை. எந்த மேக்னெட்டோ, எந்த சிலிண்டர் என்று தெரிந்தால் பிளக் ஒன்றுதான். அந்தப் பிளக்கைப் பக்கத்து சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். கோளாறும் கூடப் போனால் பிளக் கெட்டது, போகாவிட்டால் ஒயர் அல்லது மேக்னெட்டோ.

பெரும்பாலும் கீழ்ப் பிளக்தான் கெடும். ஆயில் இறங்கி அங்கே நிற்கும். இன்னொன்று ஈயம். விமானப் பெட்ரோலான 100 எல்.எல்.-ல் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அது உருண்டை உருண்டையாகப் பிளக்கின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். சுத்தம் செய்து, கேப் பார்த்து, புது காப்பர் வாஷர் போட்டு, மேல் பிளக்கைக் கீழேயும் கீழ் பிளக்கை மேலேயும் மாற்றி மாட்ட வேண்டும். லைக்கமிங் இன்ஜினில் முறுக்கு 30 முதல் 35 அடி-பவுண்டு, டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை வைக்கக் கூடாது. கீழே விழுந்த பிளக் குப்பைக்கு. உள்ளே செராமிக் விரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. "நல்லாத்தானே இருக்கு" என்று நான் எடுத்து வைத்த ஒன்றை அண்ணா என் எதிரிலேயே சுத்தியால் அடித்துத் தூக்கிப்போட்டார்.

கம்ப்ரஷன் பார்ப்பதும் நம்ம ஒர்க்ஷாப் மாதிரி இல்லை. 80 பி.எஸ்.ஐ. காற்றை பிளக் ஓட்டை வழியாக விட்டு, சிலிண்டர் எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று இன்னொரு மீட்டரில் பார்ப்பார்கள். 74/80 என்று எழுதுவார்கள். 60-க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றும் யோசனை வரும். இதில் எனக்குப் பிடித்தது காதால் கண்டுபிடிப்பது. 'ஸ்ஸ்' சத்தம் சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே கேட்டால் ரிங். ஆனால் ஜாக்கிரதை, ஓ-235-ன் போர் 4.375 அங்குலம். பரப்பு 15 சதுர அங்குலம். 80-ஆல் பெருக்குங்கள், 1200 பவுண்டு, அரை டன்னுக்கு மேல் பிஸ்டன் மேல் அழுத்துகிறது. டி.டி.சி.யிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தால் புரொப்பல்லர் ஓங்கி அடிக்கும். ஒருத்தர் அதை இறுகப் பிடித்துக்கொண்டே இருக்கணும்.

ஆயில் ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டி, காகித மடிப்பை விரித்து, காந்தத்தோடு உட்கார்ந்து உலோகத் துகள் தேடுவார்கள். காந்தத்தில் ஒட்டினால் எஃகு, கேம் அல்லது கியர் தேய்கிறது. ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியம், பிஸ்டன் பக்கம் பார்க்கணும்.

ஓசூருக்கென்றே சில விஷயங்கள் உண்டு. நாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2900 அடி உயரத்தில் இருக்கிறோம். பி-68-ல் மேனிஃபோல்டு பிரஷர் மீட்டர் இருக்கிறது. இன்ஜின் ஓடாதபோது அது வெளிக் காற்றழுத்தத்தைக் காட்டும். சென்னையில் 30 அங்குலத்தை ஒட்டி நிற்கும். இங்கே 27-ஐ ஒட்டித்தான். புதிதாக வருகிறவர்கள் "மீட்டர் கெட்டிருக்கு" என்பார்கள், கெடவில்லை. முழு த்ராட்டில் கொடுத்தாலும் அதற்கு மேல் ஏறாது, சக்தியும் அந்த அளவுக்குக் குறைவுதான். இன்ஜின் சோம்பல் என்று கழற்றுவதற்கு முன் ஊரின் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று நம்ம மார்கழிக் குளிர். பாதி டாங்க் பெட்ரோலோடு ராத்திரி நின்ற விமானத்தில் காற்றின் ஈரம் உள்சுவரில் படிந்து அடியில் இறங்கும். காலையில் டாங்க் அடியிலிருந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால் மேலே நீலம் (100 எல்.எல். நீல நிறம்), கீழே வெறும் தண்ணீர். குப்பி முழுக்க ஒரே நிறமாக இருந்தால் சந்தோஷப்படாமல் முகர்ந்து பாருங்கள், முழுக்கத் தண்ணீராகவும் இருக்கலாம். தவறி ஜெட் எரிபொருள் கலந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு. பெட்ரோல் காய்ந்து போகும், மண்ணெண்ணெய் இனம் எண்ணெய்க் கறை விடும். இந்த 100 எல்.எல்.-ஐ இந்தியா ரொம்ப நாளாக இறக்குமதி செய்துவந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் குஜராத் ஆலையில் தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்தது.

ஈரமும் குளிரும் சேர்ந்தால் கார்புரேட்டர் வைத்த இன்ஜினில் ஐஸ் பிடிக்கும். வெளியே 15, 20 டிகிரி இருந்தாலே போதும், பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஆர்.பி.எம். மெல்ல மெல்லச் சரியும். பைலட் இறங்கி வந்து புகார் கொடுப்பார், நாம் திறப்பதற்குள் ஐஸ் உருகிவிடும், ஒன்றும் கிடைக்காது. "கோளாறு இல்லை" என்று எழுதுவதற்கு முன் கார்புரேட்டர் ஹீட் கதவு முழுதாகத் திறக்கிறதா, கேபிள் சரியா என்று பார்ப்பதுதான் முறை.

ஹன்சா-3-ல் உள்ள ரோட்டாக்ஸ் 914 வேறு ஜாதி. 1.2 லிட்டர்தான், டர்போ வைத்து 115 குதிரைத்திறன், 5800 ஆர்.பி.எம். நான் மேலே சொன்ன நுனி வேகப் பிரச்சினைக்கு அதில் 2.43-க்கு 1 கியர்பாக்ஸ். ஆயில் தனி டாங்கில் இருக்கும். அளவு பார்க்க மேக்னெட்டோ ஆஃப் என்று உறுதி செய்துகொண்டு, டாங்கில் 'களக்' என்று சத்தம் வரும் வரை புரொப்பல்லரைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றாமல் குச்சியைப் பார்த்து ஆயில் ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும்.

இந்தத் துறைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு: டி.ஜி.சி.ஏ. உரிமத்தில் பிஸ்டன் இன்ஜின் விமானத்துக்கான பிரிவு பி1.2. அதில் பிஸ்டன் இன்ஜின் பாடம் 16-ஆம் மாட்யூல். நம் மூன்றாம் செமஸ்டர் நோட்டைத் தூக்கிப்போடாதீர்கள்.

நம்ம லேபில் மூலையில் கிடக்கும் அந்த டி.வி.எஸ். 50 இன்ஜினில் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளக்கை வெளியே எடுத்து உடம்போடு சேர்த்து வைத்துக் கிக்கரை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் ஆஃபிலேயே ஸ்பார்க் வரும். முன்னால் பெட்ரோல் குழாயைக் கழற்றி, டாங்கை வெளியே வைத்துவிடுங்கள். பார்த்து முடித்ததும் ஒயரை மறக்காமல் மாட்டி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு சாரிடம் சொல்லுங்கள்.