புதுப் பதிப்பு வந்துவிட்டது, பொறு கண்ணு

புனே அருகே சாகண் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சேர்ந்த கையோடு, "மாமா, எல்லா மெஷினையும் விண்டோஸ் 11-க்கு மாத்திடட்டுமா, இல்ல பொறுக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வோக்ஸ்வாகன் ஆலை திறந்த 2009-க்கு முன்பிருந்தே இந்த வட்டாரத்துக் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டியவன் நான். என் காலத்தில் பட்டதையும் பார்த்ததையும் வைத்துச் சில சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்.

1. மாற்றுவதற்கு முன், அந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் யார் கை கட்டி நிற்க வேண்டிவரும் என்று கேள். உன் மேஜைக் கம்ப்யூட்டர் படுத்தால் நீ மட்டும்தான் நிற்பாய். லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் படுத்தால் டிஸ்பேட்ச் முழுக்க நிற்கும். வாகன ஆலைகள் சரக்கை மலையாகக் குவித்து வைப்பதில்லை; அன்றன்றைக்கு வருவதை வைத்தே லைன் ஓடும். ஒரு கம்பெனியில் துடிப்பான பையன் ஒருவன் சனிக்கிழமை சாயங்காலம் அந்த லேபிள் கம்ப்யூட்டரைப் புதுப் பதிப்புக்கு ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனான். பிரிண்டரின் டிரைவர் ஒத்துழைக்கவில்லை. பெட்டிகள் தயார், லாரி தயார், ஒட்ட லேபிள் இல்லை. கையால் எழுதி ஒட்டியதை வாங்கும் ஆலை திருப்பி அனுப்பியது. பையன் வேலையில் கெட்டிக்காரன்தான். ஆனால் டிஸ்பேட்சில் உட்கார்ந்திருந்த, காகா என்று எல்லோரும் அழைக்கும் பெரியவரிடம், "இன்னிக்கு ராத்திரி வண்டி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. ஆசை எது, தேவை எது என்று பிரித்துப் பார். 2007 ஜனவரியில் விஸ்டா வெளிவந்தபோது, கண்ணாடி போன்ற அதன் ஜன்னல்களைப் பார்த்து மயங்காதவர் குறைவு. டிரைவர் அமைப்பையே அது மாற்றியிருந்தது. நேற்று வரை ஓடிய பிரிண்டரும் ஸ்கேனரும் பல இடங்களில் திகைத்து நின்றன. பெரும்பாலான நிறுவனங்கள் எக்ஸ்பியிலேயே இருந்துவிட்டு, 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-க்கு நேரே தாவின. அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

3. இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்: புதுப் பதிப்புக்குப் போவது ஒன்று, இருக்கும் பதிப்பின் ஓட்டையை அடைப்பது வேறொன்று. முன்னதில் நிதானம் வேண்டும். பின்னதில் நிதானம் ஆபத்து. "நாங்க அவசரப்பட மாட்டோம்" என்று பெருமை பேசுகிறவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களில்தான் மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் புகுந்தது. அடிபட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அன்றைக்கு அது கைவிடப்பட்ட பதிப்பல்ல. திருத்தம் வந்து இரண்டு மாதமாகியும் போடாமல் விட்ட பதிப்பு. நம் சென்னைப் பக்கத்து ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையையும் அது தொட்டது. அடுத்த மாதம் 27-ஆம் தேதி நாட்பெட்யா என்ற இன்னொரு தீநிரல் வந்தபோது, இந்தப் பக்கத்துச் சரக்குப் பெட்டிகள் கப்பலேறும் நாவா சேவாவில் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் குழுமத்தின் முனையம் முடங்கியது. கொள்கலன் லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்தன.

சாகண் கோட்டையைப் பார்த்திருப்பாய், ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1660-இல் கோட்டைத் தலைவர் பிரங்கோஜி நர்சாளா ஏறக்குறைய இரண்டு மாதம் முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கானைத் தடுத்து நிறுத்தினார். சுற்றுச்சுவர் முழுவதையும் யாரும் இடிக்கவில்லை. ஒரு கொத்தளத்தின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள், அவ்வளவுதான். உள்ளே வர ஒரு ஓட்டை போதும். மாதாந்திரத் திருத்தங்களை முதலில் இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார், ஓரிரு நாள் கவனி, பிறகு எல்லாவற்றிலும் போடு. "அப்புறம்" என்பதற்கு அதற்கு மேல் இடம் கொடுக்காதே.

4. காத்திருக்கிறாயா, சரி. எதுவரை என்று தேதி போட்டுக் காத்திரு. தேதி இல்லாத பொறுமைக்குச் சோம்பல் என்று பெயர். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 வரை ஆதரவு என்பது பல வருடம் முன்பே தெரியும். கடைசி மாதத்தில் அலறியடித்து ஓடியவர்களை நான் பார்த்தேன். விண்டோஸ் 10 விஷயத்திலும் அதே கூத்து. 2025 அக்டோபர் 14-உடன் அதன் வழக்கமான ஆதரவு முடிந்தது. கம்பெனிகள் காசு கட்டினால் அந்தத் தேதிக்குப் பிறகு மூன்று வருடம் வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். அது மூச்சு வாங்கிக்கொள்ளக் கொடுத்த நேரம், தூங்குவதற்கு இல்லை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். உன் கம்பெனியில் எத்தனை இயந்திரம் தேறும், எத்தனை தேறாது என்று இந்த வாரமே எண்ணி எழுது. நாற்பது கம்ப்யூட்டரை ஒரே மாதத்தில் வாங்கித் தரும் முதலாளியை நான் கண்டதில்லை.

5. பழைய இயந்திரத்தை இளக்காரமாகப் பார்க்காதே. அளவுச் சோதனை அறையில் இன்னமும் எக்ஸ்பி ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் சிரிக்காதே. அதோடு இணைந்த அளவு இயந்திரத்தின் விலையில் உன் பிரிவின் பல வருடச் செலவு அடங்கிவிடும். அதன் மென்பொருளைச் செய்தவர்கள் புதுப் பதிப்பு தரவில்லையென்றால் ஆபரேட்டர் என்ன செய்வார்? விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. பழைய கார்டுக்கு எழுதிய 32 பிட் டிரைவர் அதில் ஏறாது. அப்படிப்பட்டதை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வை, கண்ட பென்டிரைவ் செருகாதபடி அடை, ஹார்ட் டிஸ்க்கின் நகல் ஒன்றை எடுத்துப் பூட்டி வை, மேலே ஒரு சீட்டு ஒட்டு. அந்த ஆபரேட்டரிடம் மராத்தியில் இரண்டு வார்த்தை பேசக் கற்றுக்கொள். எந்தக் கேபிளைத் தொட்டால் எது நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

6. திரும்பி வரும் வழியைப் போட்டுவிட்டுப் புறப்படு. விண்டோஸ் 11-க்கு ஏறிய பிறகு பழையதற்கு இறங்கப் பத்து நாள்தான் அவகாசம்; அதை மட்டும் நம்பி வேலையில் இறங்காதே. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, சிலருடைய ஆவணக் கோப்புகளையே துடைத்தது; சில நாளில் அதை நிறுத்திவிட்டு நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டார்கள். பேக்கப் வைத்திருந்தவன் முணுமுணுத்தான், இல்லாதவன் அழுதான். எடுத்து வைத்தால் போதாது, மீட்டுப் பார்க்க வேண்டும். இதில் அதிர்ஷ்டத்தை நம்பலாமா என்றால், நாட்பெட்யா தாக்கியபோது மெர்ஸ்க்குக்கு அது ஒருமுறை கைகொடுத்தது. அவர்களுடைய முக்கியமான சர்வர் ஒன்று கானா நாட்டில் கரண்ட் போனதால் தொடர்பற்றுக் கிடந்து தப்பித்தது. அதை வைத்துத்தான் மற்றதை மீட்டார்கள். நம் ஊரில் கரண்ட் போகும் நேரம் அப்படி வாய்க்காது.

7. நாள் பார்த்துச் செய். மாதக் கடைசி வேண்டாம். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளையொட்டி அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரைத் தொடாதே; டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்யவில்லையென்றால் அவர்கள் உன்னை வருடம் முழுக்க மறக்க மாட்டார்கள்.

8. தெரியாததைத் தெரியாது என்று சொல். "எல்லாம் ஓடுமா?" என்று மேலாளர் கேட்கும்போது நாக்கு நுனியில் "ஓடும் சார்" வந்து நிற்கும். விழுங்கிவிடு. "ரெண்டு மெஷின்ல போட்டுப் பாத்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்பதற்கு யாரும் வேலையை விட்டுத் துரத்துவதில்லை. வெண்டர் ஆளும் "ஓடும்" என்பார். அதை எழுத்தில் கேள். எழுதித் தரத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

9. இவ்வளவும் கேட்டுவிட்டுப் பயந்தாங்கொள்ளியாகிவிடாதே. உன் சொந்த லேப்டாப்பில் நீதான் முதல் ஆள். வெளிவருவதற்கு முன்பே முன்னோட்டப் பதிப்பைப் போட்டுப் பார்க்க மைக்ரோசாஃப்ட் 2014 முதல் வழி வைத்திருக்கிறது. உபுண்டுவையும் தொட்டுப் பார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வருகிறது. முந்தைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கோ, முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் ஏறச் சொல்லி அழைப்பு வரும். செய்கிறவர்களே பொறுக்கச் சொல்கிறார்கள் பார். முன்னோட்டத்தில் கோளாறு கண்டால் சத்தமாகச் சொல். 2018-இல் கோப்பு அழிந்த விஷயத்தை முன்னோட்டம் பார்த்தவர்களில் சிலர் முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். ஆமோதித்தவர் குறைவு என்பதால் அது அடியில் புதைந்துபோனது. ஆகவே எழுதும்போது எந்த மாடல், எந்த டிரைவர், எதை அழுத்தினாய், என்ன நடந்தது என்று வரிசையாக எழுது. ஒரு பிரதி எனக்கும் அனுப்பு, என் லேப்டாப்பிலும் போட்டுப் பார்க்கிறேன்.