ஜெஞ்சாரோம் தொழிற்கூடங்களில் டிரைவ் அலாரம்: எதற்கு எந்தத் தீர்வு

மலேசியாவின் கோலா லங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோமில் இயங்கும் பிளாஸ்டிக் மறுசுழற்சிக் கூடங்களில், மோட்டாரின் வேகத்தை ஆளும் டிரைவ் மின்வழி இடையூறு என்று அலாரம் காட்டி நின்றுவிட்டால், உருக்கு இயந்திரத்தின் உருளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இறுகத் தொடங்குவதால், அரை நொடித் தடங்கலும் பல மணி நேர வேலையைக் கெடுத்துவிடும். ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இடி இடிக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில், மின்னல் தாக்கிய மின்வழியை மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் பாதுகாப்புச் சாதனங்கள் துண்டிப்பதற்குள் அக்கம்பக்கத்து வழிகளிலும் மின்னழுத்தம் கணநேரம் தாழ்வதுண்டு. இதுவே மின்தாழ்வு எனப்படுகிறது. ஆனால் எல்லா அலாரத்துக்கும் மின்னலே காரணமன்று.

தீர்வுக்கென ஒரு கருவி வாங்குவதற்கு முன் அலாரப் பதிவிலுள்ள டிசி பஸ் அழுத்தத்தை, அதாவது உள்வரும் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாறிக் கெப்பாசிட்டர்களில் தேங்குமிடத்து அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 400 வோல்ட் இணைப்பில் அது வழக்கமாக 540 முதல் 565 வோல்ட் வரை இருக்கும். அது சரிந்திருந்தால் மின்தாழ்வு என்றும், 800 வோல்ட்டை நெருங்கியிருந்தால் மின்வழியில் கெப்பாசிட்டர் தொகுதி இணைக்கப்பட்டபோது எழுந்த அதிர்வு அல்லது மோட்டாரை அவசரமாக வேகம் குறைத்தது என்றும் ஐயுறலாம். ஏற்ற இறக்கம் மட்டும் மிகுந்திருந்தால், பெரும்பாலும் கூடத்தின் சொந்த மின்பலகையிலேயே ஒரு பியூஸ் போயிருக்கும், அல்லது ஒரு முனை தளர்ந்திருக்கும்.

பஸ் அழுத்தம் அசையாமலே இயந்திரம் நின்றிருந்தால், டிரைவை விட்டுவிட்டு, தாழ்வைத் தாங்காமல் விடுபடும் கான்டாக்டரையும் ரிலேயையும் நோக்க வேண்டும். கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் போதும் என்பதால், செலவு குறைந்த இந்த வழியையே முதலில் சோதிப்பது அறிவுடைமை.

உண்மையான மின்தாழ்வுக்குத் தீர்வு சுமையைப் பொறுத்தது. பெரிய காற்றாடியின் சுழற்சி ஆற்றலையே திருப்பியெடுத்துப் பஸ்ஸைத் தாங்கும் வசதி பல டிரைவ்களிலேயே உண்டு. உராய்வு மிகுந்த உருக்கு இயந்திரம் உடனே வேகமிழப்பதால் அங்கு அது பயன்படாது. தானாக மறுதொடக்கம் செய்யும் அமைப்பு அங்கு ஓரளவு உதவும். எனினும் அடைப்பெடுக்கக் கையை உள்ளே விடும் அரைப்பு இயந்திரத்தில் அதை அறவே தவிர்க்க வேண்டும். தாழ்ந்த அழுத்தத்தை ஈடுசெய்யும் பெரிய கருவிகள் விலை மிக்கவை. உருக்கு வரிசைக்கு மட்டும் அவற்றைப் பொருத்துவதே கட்டுப்படியாகும். கெப்பாசிட்டர் தொகுதி இணைப்பால் அழுத்தம் எகிறும் சிக்கலுக்கோ அவை தேவையில்லை, டிரைவுக்கு முன் ஒரு ரியாக்டர் சுருள் பெரும்பாலும் போதும்.