தலைக்கவசமும் தண்டமும்

மாலையில் கருங்கல் சந்திப்புக்குச் சற்று முன்பாகப் பேருந்துக்குக் காத்து நிற்கும் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. எதிரே வருபவர் முகப்பு விளக்கை மின்னச் செய்து, "ஜங்ஷன்ல போலீஸ் நிக்காங்க" என்று குரல் கொடுப்பார். உடனே பெட்ரோல் டாங்கின் மேல் கிடந்த ஹெல்மெட் தலைக்கு ஏறும். சந்திப்பைத் தாண்டியதும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். அப்படியானால் சட்டம் மனிதரைத் திருத்துகிறதா, அந்த ஐம்பதடித் தூரத்தை மட்டும் திருத்துகிறதா?

தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 2007 ஜூனில் அதைக் கண்டிப்பாக்கினார்கள். விரைவில் பிடி தளர்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் மறுபடியும் கண்டிப்பு வந்தது. இத்தனை ஆண்டுகளிலும் பிரிவு இருந்துகொண்டேதான் இருந்தது. மாறியது கண்காணிப்பு மட்டுமே.

2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஹெல்மெட் இல்லாததற்கு 100 ரூபாயாக இருந்த தண்டத்தை 1,000 ஆகவும், உரிமம் இல்லாததற்கு 500-ஐ 5,000 ஆகவும் உயர்த்தினார்கள். நம் மாநிலத்தில் அது 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. தொகை பெரிதானால் பயமும் பெரிதாகும் என்பது முழு உண்மையன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பர் முதல், எந்த ஓட்டுநரையும் எந்த இடத்திலும் நிறுத்தி மது சோதனை செய்யலானார்கள். சாலை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. எங்கே நிற்பார்கள் என்று தெரியாததே அங்கு வேலை செய்தது. இங்கோ நமக்கு முன்னரே தெரிந்துவிடுகிறது!

உரிமத்தேர்வைப் பற்றியும் ஒரு சொல். கால் ஊன்றாமல் 'எட்டு' போட்டால் வண்டி சாயாது என்று தெரியும். குழந்தை சாலையைக் கடக்கும்போது அவர் நிறுத்துவாரா என்று எட்டு சொல்லாது.

உண்மையைச் சொன்னால், பதினேழு வயதான என் அண்ணனின் பின்னால் அமர்ந்து நானும் பள்ளிக்கு வந்தவள்தான். இக்கட்டுரைக்காகப் படித்த 199-ஏ பிரிவை ஒருநாள் இரவு வீட்டில் வாசித்தேன்: பதினெட்டு நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும். அப்பா ஒன்றும் பேசவில்லை. சாவியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். நான்தான் மாட்டிவிட்டேன் என்று அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா பயந்தது எங்கள் உயிருக்கா, சிறைக்கா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது கால் மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டுப் பேருந்தில் வருகிறேன். அண்ணன் எல்.எல்.ஆர். எடுக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான்.