கலங்கா உள்ளம்

இடர் வந்துற்ற காலத்துக் கலங்காது நிற்றல் அரிய பண்பாகும். இப்பண்பினை விளக்கவே வள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆடுகளத்திலும் இதனைக் காணலாம்.

1983-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கான கிரிக்கெட் போட்டியில் ஆட இந்திய அணியினர் இங்கிலாந்து சென்றனர். அப்போட்டியில் ஓர் அணிக்கு 60 ஓவர்களே உரியன. ஓவர் ஒன்றுக்குப் பந்துகள் 6. ஆதலின், தொடக்கத்தில் தளர்ந்த அணி மீண்டெழுதல் எளிதன்று.

ஜூன் 18-ஆம் நாள் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் இந்தியர் சிம்பாப்வே அணியை எதிர்த்து ஆடினர். முதலில் இறங்கிய கவாஸ்கரும் தமிழ்நாட்டு வீரர் ஸ்ரீகாந்தும் ஓர் ஓட்டமும் எடாது மீண்டனர். அணி 17 ஓட்டங்கள் எடுத்த நிலையில் ஐவர் ஆட்டமிழந்திருந்தனர். அன்று தோற்பின் அரையிறுதி ஆட்டம் எட்டாக் கனியாகிவிடலாம்.

அந்நிலையிலும் அணித்தலைவர் கபில்தேவ் கலங்கினாரல்லர். முதலில் பொறுமையுடன் ஆடினார். காலம் கனிந்தபின் பந்துகளை நாற்புறமும் விளாசினார். எண்மர் வீழ்ந்தபின் வந்த கிர்மானி மறுமுனையில் அரணென நின்றார். இருவரும் பிரியாது 126 ஓட்டங்கள் சேர்த்தனர். அவற்றுள் கிர்மானி எடுத்தவை 24 மட்டுமே; எனினும், அத்துணை இன்றேல் தலைவரின் ஆற்றல் பயன்பட்டிராது. கபில்தேவ் 175 ஓட்டங்களுடன் இறுதிவரை நின்றார். 266 ஓட்டங்கள் குவித்த இந்தியா, 31 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது.

ஒரு வாரம் கழிந்தபின், லார்ட்ஸ் களத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியர் 183 ஓட்டங்களே எடுத்தனர். எனினும், முன்பு இருமுறை கோப்பை வென்ற மேற்கிந்தியத் தீவினரை 140 ஓட்டங்களுக்குள் அடக்கிக் கோப்பையைக் கைக்கொண்டனர். கலங்கா உள்ளமும் உற்ற துணையும் ஒருங்கே அமையின், வீழ்ச்சியும் வெற்றிக்கு வாயிலாகும் அன்றோ!