ஆயுசுக்கும் என்று சொல்லிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

கிளினிக் திறப்பு அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. உன் பெயருக்குக் கீழேயே ‘இம்ப்ளான்ட் சிகிச்சை செய்யப்படும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். அந்த வரியைப் போட எத்தனை நாள் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் விழாவுக்கு முன்பே எழுதுகிறேன்.

முதல் வாரமே ஓர் அம்மா வந்து, மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடுமாமே என்று கேட்பார். சிரித்துவிடாதே. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று பொறுமையாகச் சொல். வாயில் இரும்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதே என்பார் இன்னொருவர். எலும்பில் நாம் பதிக்கும் ஸ்க்ரூ டைட்டானியம், காந்தம் இழுக்காது. ஸ்கேன் எடுப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். வலிக்குமோ என்ற பயமும் அப்படித்தான். பல் பிடுங்கியதைவிட இது லேசாக இருந்தது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். இவையெல்லாம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துபோகும்.

என் கவலை, நாமே நோயாளியின் காதில் போட்டு அனுப்பும் நம்பிக்கைகளைப் பற்றியது.

பல வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்குக் கீழ்க் கடைவாயில் இம்ப்ளான்ட் வைத்தேன். கேப் மாட்டிய அன்று, வேலை நன்றாக வந்த சந்தோஷத்தில், “இனி கவலையே வேண்டாம் சார், ஆயுசுக்கும் நிற்கும்” என்றேன். 7 வருடம் கழித்து வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து என் மேஜைமேல் வைத்துப் பிரித்தார். ஸ்க்ரூவும் கேப்பும் ஒட்டியபடியே கிடந்தன. மரைகளுக்குள் பழுப்பாகக் காரை இறுகியிருந்தது. “வலியே இல்லை டாக்டர். இட்லி சாப்பிடும்போது கையோடு வந்துடுச்சு. ஆயுசுக்கும்னு சொன்னீங்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இடையில் ஒரு தடவைகூட அவர் பரிசோதனைக்கு வரவில்லை. என் வார்த்தையை நம்பியவர் எதற்காக வருவார்?

உலோகம் சொத்தையாகாது. உண்மைதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் உலோகம் இல்லையே. நம் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு நார்த்திசு இருக்கிறது. சோற்றில் சின்னக் கல் அகப்பட்டாலும் சட்டென்று தெரிவது அதனால்தான். இம்ப்ளான்ட்டுக்கு அந்த மெத்தை கிடையாது. எலும்போடு நேராக ஒட்டியிருக்கிறது. சுற்றிலும் அழுக்குச் சேர்ந்து, ஈறு வீங்கி, எலும்பு கரைய ஆரம்பித்தாலும் பெரும்பாலும் வலி தெரியாது. துலக்கும்போது கசியும் ரத்தம்தான் முதல் அடையாளம். அதையும் யார் கவனிக்கிறார்கள்?

ஆயுசுக்கும் என்ற பேச்சுக்கு மூலம் இல்லாமல் இல்லை. 1952இல் ஸ்வீடனில் பெர் இங்வார் பிரோனமார்க் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார்; எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தப் பிடிமானத்தை நம்பி 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்குப் பல் வைத்தார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, 40 வருடத்துக்கு மேல், அது உழைத்தது. வகுப்பில் இதைக் கேட்டு நானும் மெய்சிலிர்த்திருக்கிறேன். ஆனால் அது லார்சனின் வாய். உன் நாற்காலியில் உட்காருபவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறாரா, புகைக்கிறாரா, புகையிலை போடுகிறாரா என்பதைக் கேட்காமல் அந்தக் கதையை அவருக்குச் சொல்லாதே. சர்க்கரை இருந்தாலே முடியாது என்பதும் தவறு, இருந்தால் பரவாயில்லை என்பதும் தவறு. கட்டுக்குள் இருக்க வேண்டும். வயதும் அப்படியே. 80 வயதுப் பாட்டிக்கு உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக வைக்கலாம். சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை இழந்த 15 வயதுப் பையனுக்குத்தான் வைக்கக் கூடாது. தாடை வளர வளரப் பக்கத்துப் பற்கள் இறங்கி வரும், இம்ப்ளான்ட் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். வளர்ச்சி நிற்கும்வரை கழற்றி மாட்டும் பல் போதும். பையனின் அம்மா அழுதாலும் மசியாதே.

‘ஒரே நாளில் பல்’ என்று கேட்டு வருவார்கள். சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் மாட்டலாம். ஆனால் எலும்பு இறுக ஒட்ட மாதக்கணக்கில் ஆகும் என்பது யாருக்கும் மாறாது. துளையிடும்போதும் அவசரம் வேண்டாம். சலைன் விட்டுக்கொண்டே, நிறுத்தி நிறுத்திப் போ. 47 டிகிரிச் சூட்டில் 1 நிமிடம் இருந்தால் போதும், எலும்பு பாதிக்கப்படும். கேப் போடும் முன் கருவியின் கைப்பிடியால் இம்ப்ளான்ட்டை மெல்லத் தட்டிப் பார். சந்தையில் பானை தட்டி வாங்குகிறோமே, அந்த மாதிரி. கணீரென்றால் நல்ல அறிகுறி. சத்தம் மந்தமாக வந்தால் மேலே போகாதே, எக்ஸ்ரே எடு.

இன்னொன்று. இதை உனக்காகவே சொல்கிறேன். வேர் சிகிச்சை செய்து காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று ஒரு நாள் உனக்கே தோன்றும். இடத்து வாடகையும் கடன் தவணையும் அப்படித் தோன்றவைக்கும். இம்ப்ளான்ட் போன பல்லின் இடத்துக்கு வந்தது, இருக்கிற பல்லின் இடத்துக்கு அல்ல. பல் ஆடினாலும் முதலில் ஈறு வைத்தியம் பார். பிடுங்குவதற்கு நாளைக்கும் நேரம் இருக்கிறது.

அந்த ஆசிரியர் இன்றும் என்னிடம்தான் வருகிறார். அந்த இடத்தில் பிரிட்ஜ் கட்டியிருக்கிறேன். கட்டி முடித்த அன்று ஆயுசு பற்றி எதுவும் பேசவில்லை. அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து, பல்லிடுக்கில் விடும் சின்ன பிரஷ்ஷால் அவரையே துலக்கிக் காட்டச் சொன்னேன். மூன்று தடவை தப்பாகச் செய்தார். நான்காவது தடவை சரியாக வந்தது. அதன் பிறகே நாற்காலியை இறக்கினேன். இப்போது 6 மாதத்துக்கு ஒருமுறை வந்ததும் கண்ணாடியை அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

விழாவுக்கு வருகிறேன். குத்துவிளக்கெல்லாம் மற்றவர்கள் கொண்டுவருவார்கள். நான் ஒரு கைக்கண்ணாடி வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்