வெக்கையும் ஆட்டுக்கொல்லியும்

மாடுகளைக் கூட்டம் கூட்டமாக மாய்த்த வெக்கை நோயை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அது வைரஸ் என்னும் நுண்கிருமியால் விளைவது. நம் நாட்டில் 1954-ல் தொடங்கிய தடுப்பூசி இயக்கம் பல்லாண்டுகள் நடைபெற்றது. 2011-ல் உலகெங்கும் அந்நோய் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் அடியோடு ஒழித்த வைரஸ் நோய் இஃதொன்றே.

ஆயினும் விஞ்ஞானிகள் அதை விட்டபாடில்லை. 1912-ல் பெர்லின் நகரில் தட்டம்மையால் இறந்த குழந்தையின் நுரையீரல் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த வைரஸின் மரபுப் பொருளை ஆராய்ந்தோர், தட்டம்மைக் கிருமி வெக்கைக் கிருமியிலிருந்து கி.மு. ஆறாம் நூற்றாண்டளவிலேயே பிரிந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியிட்டனர். முந்தைய மதிப்பீட்டைவிட இது ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானது. பெருநகரங்கள் தோன்றிய காலமும் ஏறக்குறைய அதுவே. நோய் காணாத புதிய உடல்கள் ஓயாமல் கிடைத்தாலன்றி இக்கிருமி நிலைக்காது. தடுப்பூசியின் சூட்சுமமும் இதுதான்.

அதே குடும்பத்து ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் நம் பட்டிகளில் உள்ளது. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவை அதன் குறிகள். ஒருமுறை இட்ட ஊசி மூன்றாண்டு காக்கும். ஆனால், ஊரில் பாதி ஆடுகளுக்கு மட்டும் ஊசியிட்டால் கிருமிக்கு மறுபாதி போதும். சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே பட்டியில் சேர்ப்பது நம்மவர் வழக்கம். மூன்று வாரமேனும் தனியே கட்டுதல் வேண்டும். 2030-க்குள் இந்நோயையும் ஒழிப்பது உலக நாடுகளின் திட்டம். ஊசி முகாம் நாளன்று மேய்ச்சலுக்குப் போன மந்தைகளையும் வரவழைப்பது ஊராட்சி உறுப்பினர்கள் பொறுப்பு.